என்விடிஏ திரைவாசிப்பான்: பட்டத்திலிருந்து அலுவலக மேசைக்கு

விழிப்புலன் இழந்த மாணவர் ஒருவர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடிக்கும் வரையில், பெரும்பாலும் பிறருடைய குரலிலேயே வாசித்துப் பழகியிருப்பார். விடுதித் தோழர் குறிப்புகளை வாசித்துக் காட்டுவார். விரிவுரை ஒலிப்பதிவாக இருக்கும். பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர் பக்கத்தில் இருப்பார். நியமனக் கடிதத்துடன் பிரதேச செயலகமொன்றுக்குச் செல்லும் நாளில் அந்தக் குரல்கள் அனைத்தும் ஒருசேர நின்றுவிடுகின்றன. கோவையை வாசித்துக் காட்ட அங்கே எவருக்கும் நேரமிராது என்பதால், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியே பலருக்கும் நிரந்தர இடமாகிவிடுகிறது. அந்த நாற்காலியிலிருந்து ஒருவரைக் கணினி மேசைக்குக் கொண்டுவர இயலுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து என்விடிஏ திரைவாசிப்பானை இங்கு மதிப்பிடுகிறேன். மட்டக்களப்பில் இளைஞர் சிலருக்குக் கணினி பழக்கிய அனுபவமே இதற்கு ஆதாரம்.

அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கி, அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் தே என்பவருடன் சேர்ந்து வளர்த்தெடுத்த இம்மென்பொருள், விண்டோஸ் கணினியின் திரையில் உள்ளதைப் பேச்சாகவோ, பிறெயில் காட்டி இணைக்கப்பட்டிருப்பின் விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளிகளாகவோ தருகிறது. கட்டணம் எதுவுமில்லை. ஜோஸ் போன்ற கட்டண மென்பொருளின் உரிமத்தை இங்குள்ள குடும்பமொன்று வாங்குவது எளிதல்ல என்பதால், இதுவே தீர்மானிக்கும் காரணமாகிவிடுகிறது. கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கலாம் என்பதால், தேர்வுக்குச் செல்பவர் தமக்குப் பழகிய குரலையும் வேகத்தையும் சட்டைப் பையிலேயே கொண்டுபோகலாம். (அங்குள்ள கணினிகளில் பென்டிரைவ் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.)

பயனாளிகள் பட்டியல்களே பிரதேச செயலக வேலையில் பெரும்பகுதி; அவை எக்செல்லில் இருக்கின்றன. அம்புக்குறி விசையை நகர்த்தினால் என்விடிஏ கட்டத்திலுள்ள பெயரையோ தொகையையோ சொல்லி, அது எந்த நிரல், எத்தனையாவது வரிசை என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தலைப்பு வரிசையை ஒருமுறை குறித்துவிட்டால், ஒவ்வொரு நிரலுக்குள் நுழையும்போதும் அதன் தலைப்பு ஒலிக்கிறது. வேர்ட், மின்னஞ்சல், இணைய உலாவி ஆகியவற்றிலும் குறை சொல்ல அதிகமில்லை.

தமிழ்க் குரலைப் பற்றி இரு விதமான கருத்து உண்டு. உடன் வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரத்தனமானது. முதன்முறை கேட்பவர், குறிப்பாகப் பார்வையுள்ளவர், முகம் சுளிப்பார். விண்டோஸில் கிடைக்கும் வள்ளுவர் என்ற குரல் மனிதப் பேச்சுக்குக் கிட்டியது. இருந்தபோதிலும், பழகியவர்கள் ஈஸ்பீக்கையே விரும்புவதை நான் கண்டிருக்கிறேன். நாம் பின்தொடர முடியாத வேகத்திலும் அதன் ஒலிகள் அவர்களுக்குத் தெளிவாகவே கேட்கின்றன.

பெரிய இடறல் கருவிக்கு வெளியே இருக்கிறது. எங்கள் அலுவலகங்களில் இன்னும் புழங்கும் பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, கணினியின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில வரிசையாகும். கண் அதைத் தமிழாகக் காண்கிறது. திரைவாசிப்பானோ உள்ளதை உள்ளபடி உளறித் தள்ளுகிறது. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யுனிகோட் முறைக்கு மாற்றித் தரும் இலவசச் செயலிகள் இருப்பதால், உத்தியோகத்தர் தாமே வெட்டி ஒட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், தமிழும் ஆங்கிலமும் கலந்த கடிதத்தில் ஆங்கிலப் பகுதியும் சேர்ந்து உருக்குலைந்துவிடும். இதைவிடச் சிக்கலானவை கையொப்பமும் முத்திரையும் இட்டு ஸ்கேன் செய்து அனுப்பப்படும் சுற்றறிக்கைகள். அவை வெறும் படங்கள். என்விடிஏ வழியாக படத்திலுள்ள எழுத்தை இனங்காணும் விண்டோஸின் எழுத்துணரியை அழைத்தால் ஆங்கிலப் பக்கம் ஓரளவு வாசிக்கப்படுகிறது. தமிழ்ப் பக்கத்துக்கு அந்த எழுத்துணரியில் இடமில்லை. கூகுள் டிரைவ் தமிழை இனங்கண்டு தரும். ஆனால் பொதுமக்களின் அடையாள அட்டை இலக்கங்கள் அடங்கிய ஆவணத்தை அங்கே ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கச் சொல்லும் 27/88 பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988இல் எழுதப்பட்டது. அதில் எழுத்துருவைப் பற்றித் தேட முடியாது. ஆகவே, இம்மென்பொருளுடன் ஒருவரை வேலைக்கு அமர்த்தும் அலுவலகத் தலைவர், ஸ்கேன் செய்த படத்துடன் யுனிகோட்டில் தட்டச்சிட்ட மூலக்கோப்பையும் அனுப்பும்படி தம் கிளைகளுக்கு ஓர் அறிவுறுத்தல் விடுத்தால், மேலே சொன்ன இடறலில் பெரும்பகுதி நீங்கிவிடும். அதற்குச் செலவு எதுவுமில்லை.

பழகத் தொடங்குவதற்கு ஏற்ற காலம் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடைப்பட்ட நீண்ட காத்திருப்பு என்பது என் கருத்து. நியமனம் கிடைத்த பிறகு விசைச் சேர்க்கைகளை மனனம் செய்வது மிகவும் கடினம். பயனர் கையேடு தமிழிலும் உண்டு. நன்கொடையாகக் கிடைக்கும் பழைய கணினியில் விண்டோஸ் 7 இருந்தால், என்விடிஏவின் 2023.3 வரிசைப் பதிப்பையே அதில் நிறுவ வேண்டும். அதற்குப் பிந்திய பதிப்புகள் அக்கணினியில் இயங்கா.