பாளையில் சொட்டுவது எந்தக் கோட்பாடு?

பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் விடிவதற்குள் பதநீர் இறங்கியிருக்கும். (சுண்ணாம்பு தடவ மறந்தால் கள்.) சொட்டுவது புளோயச் சாறு, அதாவது இலையில் உருவான சர்க்கரையைச் செடி முழுக்கக் கொண்டுசெல்லும் திசுவின் சாறு; வேர் உறிஞ்சிய வெறும் தண்ணீராக இருந்தால் இப்படி இனிக்காது. இந்தச் சர்க்கரையை நகர்த்துவது எது? மூன்று பதில்கள் போட்டியிட்டன.

1885-ல் டச்சுத் தாவரவியலாளர் டி விரீஸ் சொன்னது: செல்லுக்குள் சுழலும் கூழான சைட்டோபிளாசமே சர்க்கரையையும் சுமக்கிறது. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். புளோயத்தில் சாறு ஓடுவது சல்லடைக் குழாய் என்ற செல் வரிசையில்; முதிர்ந்த குழாயில் அந்தச் சுழற்சியே கிடையாது. உட்கருவைக்கூட இழந்துவிட்ட செல் அது.

மற்ற இரண்டும்தான் உண்மையான போட்டி. ஜெர்மன் வனவியலாளர் எர்ன்ஸ்ட் மன்ச் 1930-ல் வைத்தது மொத்த ஓட்டம். இலையில் சுக்ரோஸ் குழாய்க்குள் ஏறினால் பக்கத்தில் வேர்த் தண்ணீரை மேலேற்றும் சைலத்திலிருந்து தண்ணீர் உள்ளே பாயும், அழுத்தம் ஏறும். வேரிலோ காயிலோ சர்க்கரை இறங்கினால் தண்ணீர் வெளியேறும், அழுத்தம் குறையும். அந்த வித்தியாசம்தான் ஓட்டம். வழிநெடுகத் தள்ளுவதற்குத் தனிச் செலவில்லை.

1958-ல் ஸ்பேனர் சொன்ன மின்சவ்வூடுபரவலோ, குழாயின் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே துளைகளோடு இருக்கும் ஒவ்வொரு சல்லடைத் தட்டையும் பொட்டாசியத்தால் ஓடும் குட்டிப் பம்பாக்கியது. அதற்குக் கைகொடுத்தவை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள்: தட்டின் துளைகளில் புரதம் அடைத்திருந்தது. அடைத்த துளை வழியாக வெறும் அழுத்தம் எப்படித் தள்ளும்? நியாயமான கேள்விதான். ஆனால் வெட்டுப்பட்டதும் அடைத்துக்கொள்வது சல்லடைக் குழாயின் தற்காப்பு. பாளையைத் தினமும் மெல்லிசாகச் சீவுவது ஏன் என்று பனையேறியைக் கேளுங்கள். சீவாவிட்டால் வாய் அடைத்துவிடும் என்பார். ஆக, படத்தில் பதிந்தது வெட்டிய கத்தியின் வேலை. 1998-ல் ஃபாபா மொச்சைச் செடியில், ஓட்டம் நடக்கும்போதே பார்த்தபோது துளைகள் திறந்துதான் இருந்தன.

சர்க்கரை பீட்ரூட் செடியின் இலைக்காம்பில் ஒரு பகுதியைக் குளிர வைத்தும் பார்த்தார்கள். ஓட்டம் தளர்ந்தது, சில மணி நேரத்தில் குளிரிலேயே மீண்டது. தட்டுக்குத் தட்டு ஆற்றல் தின்னும் பம்பு இருந்தால் அங்கேயே படுத்திருக்க வேண்டும். என் ஓட்டு மன்ச்சுக்கே.

ஆனாலும் அவர் கணக்கில் ஓர் உறுத்தல் உண்டு. பாதை நீண்டால் தடையும் கூடுமே? 2016-ல் மார்னிங் குளோரிக் கொடியை ஏழு மீட்டருக்கு மேல் வளரவிட்டு அளந்தார்கள்: கொடி நீள நீள அழுத்தமும் ஏறியது, குழாயும் தடை குறைந்து தாராளமானது. கொடிக்குக் கணக்கு சரியாகிவிட்டது. நெட்டை மரங்களின் இலைகளில்தான் எதிர்பார்த்த கூடுதல் அழுத்தம் சிக்கவில்லை.