‘யாருடைய சைவம்?’ என்று கேட்க மறந்த செயலி

எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். ஆனால் ஒருவர் சைவம் இன்னொருவருக்கு ஆகாது. அத்தை பால் பொருட்கள் சாப்பிடுவார், முட்டை கலந்த கேக் இருக்கும் தட்டைக்கூடத் தொடமாட்டார். என் கணவர் முட்டையைச் சைவத்தில் சேர்த்துக்கொண்டவர். மகள் வீகன், பால், தேன் எதுவும் கிடையாது. நான் பால், முட்டை இரண்டும் சாப்பிடுவேன், ஆனால் விலங்கைக் கொன்று எடுத்த எதுவும் வேண்டாம் என்று இருப்பவள். எல்லோருக்கும் பொருள் வாங்குவது நான். பொடி எழுத்தில் அச்சடித்த லேபிள்களைப் படித்துக் கண் வலித்ததால்தான் பொட்டலத்தின் பட்டைக்குறியை (பார்கோடு) காட்டினால் ‘சைவமா, இல்லையா’ என்று சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டேன். குறைகளையும் எழுதப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். இந்த வகைச் செயலிகளின் வேலைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

பட்டைக்குறியைப் படித்ததும் தன் தரவுத்தளத்தில் அந்தப் பொருளைத் தேடும். கிடைக்காவிட்டால் லேபிளைப் படம் எடுக்கச் சொல்லி, அதிலிருக்கும் எழுத்தைத் தானே படித்துக்கொள்ளும். பச்சை என்றால் சைவம், சிவப்பு என்றால் இல்லை. மஞ்சள் என்றால் ‘இருக்கலாம்’. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பளபளக்கும் உறையை மட்டும் ஒளி படாமல் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது.

மஞ்சள் வந்தால் பலருக்கு எரிச்சல் வரும் என்று தெரியும். எனக்கு இந்தச் செயலியில் பிடித்ததே அந்த மஞ்சள்தான். உணவில் சேர்க்கும் நிறமி, சுவையூட்டி போன்றவற்றை லேபிளில் ‘ஈ’ போட்ட எண்ணால் குறிப்பார்கள். அதில் ஈ471 என்று ஒரு சேர்பொருள் இருக்கிறது. ரொட்டி, ஐஸ்கிரீம், மார்கரின் என்று எங்கும் கண்ணில் படும். கொழுப்பிலிருந்து செய்வது. அந்தக் கொழுப்பு பனை எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம். ‘ஈ471’ என்பதை மட்டும் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. சுவை கூட்டும் ஈ631ம் அப்படித்தான்: இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் செய்யலாம். இவற்றுக்குத் துணிந்து பச்சை காட்டும் செயலிகளும் உண்டு. இது தெரியாததைத் தெரியாது என்கிறது. தட்டினால் ‘தயாரிப்பாளரிடம் கேளுங்கள்’ என்று ஒரு வரியும் வருகிறது. கேட்டுப் பார்த்தேன். ஒரு நிறுவனம் தாவர எண்ணெய் என்று மறுநாளே பதில் எழுதியது. இன்னொன்று ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அனுப்பியது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லையே!

பச்சையில்தான் எனக்குச் சந்தேகம். லேபிளில் எழுதாததைச் செயலியால் பார்க்க முடியாது. சீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைத் திரிக்கப் போடும் ரென்னெட்டைப் பழைய முறையில் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பார்கள், அதாவது கன்றைக் கொன்ற பிறகு. 1990 முதல் நுண்ணுயிர்களை வைத்துத் தயாரிக்கும் அதே நொதி சந்தைக்கு வந்து பரவிவிட்டது. ஆனாலும் இத்தாலியச் சீஸான பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் ரென்னெட்தான் போடவேண்டும் என்பது விதி. லேபிளிலோ பல நேரம் ‘நொதி’ என்று மட்டும் இருக்கும். செயலி அதைப் படித்துவிட்டுப் பச்சை காட்டுகிறது. முட்டைக்கே மறுப்புச் சொல்லும் அத்தை அதே சீஸை நிம்மதியாகச் சாப்பிடலாம் என்கிறது. இதற்கு மஞ்சள்தானே வரவேண்டும்? கரும்புச் சர்க்கரையை வெளுக்கச் சில ஆலைகள் எலும்புக் கரியில் வடிகட்டுவதும், சில ஒயின்களைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்ப்பதும் பொருட்பட்டியலில் ஏறாது. அதற்காகச் செயலியைத் திட்ட முடியாது. ஆனால் சீஸுக்குத் திட்டலாம்.

பெரிய குறை வேறு. அமைப்புக்குள் போனால் ‘சைவம்’, ‘வீகன்’ என்று இரண்டே தேர்வுகள். ‘சைவம்’ என்றால் பாலும் முட்டையும் உண்டு என்று அதுவே முடிவு செய்துவிடுகிறது. யார் கொடுத்த உரிமை? இங்கிலாந்தில் 1847இல் தொடங்கிய வெஜிடேரியன் சொசைட்டி முட்டையை ஏற்கிறது. இந்தியாவின் லேபிள் விதி முட்டையை அசைவத்தில் வைக்கிறது, பாலையும் தேனையும் விட்டுவிடுகிறது. இங்கிலாந்திலேயே பாலும் கூடாது என்றவர்கள் 1944இல் வீகன் சொசைட்டியைத் தொடங்கித் தனியே போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றிய உணவுத் தகவல் சட்டத்தில், எது சைவத்துக்கும் வீகனுக்கும் ஏற்றது என்று விதி வகுக்கும் பொறுப்பை ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்படைத்தது. பத்தாண்டு கடந்தும் அந்த விதி வரவில்லை. சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ. 2021இல் வெளியிட்ட 23662 என்ற தரநிலை மட்டும் கொஞ்சம் நடைமுறை தெரிந்தவர்கள் எழுதியது போலிருக்கிறது: பாலும் முட்டையும், முட்டை மட்டும், பால் மட்டும், இரண்டும் இல்லை என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு அது போதும். அந்த நான்கையும் செயலியில் நான்கு பொத்தானாக வைக்க எவ்வளவு நேரமாகும்?

வைக்காமல், வேறொன்றை வைத்திருக்கிறார்கள். ‘சைவம்’ பக்கத்தில் ‘மீன் உண்டு’ என்று ஒரு சின்னக் கட்டம்! இறைச்சியை விட்டு மீன் மட்டும் சாப்பிடும் என் கொழுந்தனார் இதைப் பார்த்து ஏக மகிழ்ச்சி. “நானும் உங்க கட்சிதான் அண்ணி, இதுலயே போட்டிருக்கு” என்றார். அத்தை கண்ணாடியை இறக்கிக்கொண்டு மகனைப் பார்த்தார்: “மீன் எந்த மரத்துலடா காய்க்குது?” யார் என்ன சாப்பிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டத்தைச் சைவத்துக்குக் கீழே வைத்தது தவறு. அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் இருப்பதால்தான் சைவம் கேட்டவருக்குச் சில இடங்களில் மீனைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

மகளுக்காகத் தேர்வை ‘வீகன்’ என்று மாற்றிப் பார்த்ததில் இன்னொரு தொல்லை. ‘பால் துகள்கள் கலந்திருக்கக்கூடும்’ என்ற ஒவ்வாமை எச்சரிக்கையைப் பார்த்ததும் செயலி சிவப்பு காட்டுகிறது. அந்த வரி ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எழுதுவது. அதே இயந்திரத்தில் பால் பொருளும் ஓடுகிறது என்பதுதான் அர்த்தம், பால் சேர்த்தார்கள் என்பதல்ல. வீகன் சொசைட்டியே இதை வேறுபடுத்தித்தான் பார்க்கிறது. பாலே சேர்க்காத பிஸ்கட்டை வேண்டாம் என்றும், நொதி எதுவென்றே தெரியாத சீஸைச் சரி என்றும் சொன்னால் என்ன கணக்கு இது?

பூச்சிகள் விஷயத்தில் வீட்டிலேயே தீர்ப்பு வராது என்பதால் செயலியிடமும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. ஈ120 என்ற சிவப்பு நிறமி கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுப்பது, அதற்குச் சிவப்பு காட்டுகிறது, சரி. ஈ904 அரக்கு, மிட்டாய்க்குப் பளபளப்புத் தருவது, அரக்குப் பூச்சி சுரப்பது. இதற்கு ‘சைவம்’ தேர்வில் பச்சை வருகிறது. பூச்சியின் உடம்பு இல்லை, சுரப்புதான் என்பது அவர்கள் வாதம். தேனும் அப்படித்தானே என்று கணவர் கேட்கிறார். அரக்கைச் சுரண்டும்போது பூச்சிகளும் சேர்ந்து சாகின்றன என்று மகள் சொல்கிறாள். நான் மகள் பக்கம். ஆனால் அந்த மிட்டாயை வாங்குவதை நிறுத்தவில்லை, அவளுக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தினேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஒரே ஆள் சைவம், அதுவும் பாலும் முட்டையும் எடுப்பவர் என்றால் நான்காகவே கொடுக்கலாம். ஆளுக்கொரு கணக்கு திறக்கும் வசதி கட்டணப் பதிப்பில்தான். அங்கேயும் அதே இரண்டு தேர்வுகள்தான் என்பதால் நான் கட்டவில்லை. மருந்துக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். மாத்திரைகள் பெரும்பாலும் இதன் தரவுத்தளத்தில் இல்லை. கேப்சூல் மாத்திரையின் மேலுறை விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினா, தாவர நார்ப்பொருளில் செய்த ஹைப்ரோமெல்லோஸா, வைட்டமின் டி3 ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வந்ததா, லைக்கன் எனும் பாசிக்காளானிலிருந்தா என்பதையெல்லாம் மருந்தாளுநரிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார். டாக்டர் எழுதிக்கொடுத்ததை, மாற்று கிடைக்கும்வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். அத்தையே அப்படித்தான் சாப்பிடுகிறார்.