மாட்டுங்கா அண்ணாச்சி கடைல கனடா மைசூர் பருப்பு, வாங்கலாமா?

மும்பை மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் நான் வழக்கமா போற அண்ணாச்சி கடைல மூட்டை மேல கனடா மசூர்னு (நம்ம மைசூர் பருப்பு தான்) எழுதி வச்சிருப்பாங்க, வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கறவங்க தாராளமா வாங்குங்க. உடைச்ச பருப்பு ஊறவே வைக்க வேணாம், குக்கர்ல ரெண்டு விசில்ல குழைஞ்சிடும், துவரம்பருப்பு விக்கற விலைக்கு இது எவ்ளோவோ பரவால்ல. சாம்பாருக்கு மட்டும் துவரம்பருப்போட பாதிக்குப் பாதி போடுங்க, தனியா போட்டா கொழகொழன்னு ஆயிடுது. கூட்டுக்கும் அடைக்கும் தனியாவே சூப்பர்.

கனடான்னா நமக்கு பனி தான் ஞாபகம் வரும், ஆனா உலகத்துலயே மைசூர் பருப்பு அதிகமா ஏத்துமதி பண்றது அவங்க தான், அதுல பெரும்பகுதி சஸ்காட்சுவான்ங்கற ஒரே மாகாணத்துல விளையுது. பரப்பளவுல ரஷ்யாவுக்கு அடுத்த நாடு, ஆனா விவசாய நிலம் நூத்துக்கு ஏழு பங்குக்கு மேல தேறாது. குளிர்காலத்துல மைனஸ் 30 வரைக்கும் போற ஊர்ங்க, மே மாசம் விதைச்சு ஆகஸ்ட் செப்டம்பர்ல அறுத்தாகணும், வருஷத்துக்கு ஒரே போகம் தான். முன்னாடி கோதுமை போட்டுட்டு மறுவருஷம் நிலத்த தரிசா விட்டுடுவாங்க, 1978ல சஸ்காட்சுவான் யுனிவர்சிட்டில ஆல் ஸ்லின்கார்டுங்கற விஞ்ஞானி லேர்டுன்னு ஒரு பச்சை ரகம் கொண்டு வந்தப்புறம் தான் பருப்பு அங்க பரவ ஆரம்பிச்சுது, வேர்லயே நைட்ரஜன் பிடிச்சுக்கறதால உரச்செலவும் குறைஞ்சுது. நம்ம ஊர் வயலுக்குப் போடற பொட்டாஷ் உரத்துலயும் ஒரு பகுதிய அதே மாகாணத்துல ஒரு கிலோமீட்டர் ஆழத்துல தோண்டி எடுக்கறாங்க, அந்த ஒரு மண்ண நம்பி நாம எவ்ளோ இருக்கோம் பாருங்க!

குறைன்னு சொன்னா, அறுவடைக்கு முன்னாடி களையும் செடியும் காயறதுக்கு கிளைபோசேட்ங்கற களைக்கொல்லி மருந்து அடிக்கற வழக்கம் அங்க உண்டு. பாக்கெட்ல விக்கறவங்களாவது மருந்து எச்சம் டெஸ்ட் பண்ணாங்களான்னு தெளிவா போடணும், குழந்தைங்க சாப்பிடற பருப்பு இது. விலையும் நிலையா இருக்காது, 2017 கடைசில நம்ம அரசு 30 சதவீதம் இறக்குமதி வரி போட்டாங்க, 2021ல அங்க பெரிய வறட்சி வந்து விளைச்சல் படுத்துடுச்சு, ரெண்டுமே இங்க மளிகை பில்லுல தான் வந்து நிக்கும்.

முழுப் பருப்பா கப்பல்ல வந்து பெரும்பாலும் இங்க மில்லுல தான் தோல் எடுத்து உடைக்கறாங்க, அதனால எப்போ உடைச்சதுன்னு கேட்டு வாங்குங்க. பழசு நிறம் மங்கியிருக்கும், வேக நேரமும் ஆகும்.