வீட்டுக்கு வரும் சிகிச்சையா, கிளினிக்கா?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், மாஸ்ஹெல்த் என்ற மாநில அரசின் மருத்துவக் காப்பீடு உள்ள 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மனநலச் சிகிச்சை பெற இரண்டு வழியும் உண்டு. வீட்டுச் சிகிச்சை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மனநலச் சிகிச்சை தேவைப்பட்ட குழந்தைகளுக்காக மாநிலத்தின் மீது தொடுத்த ரோஸி டி வழக்கில் 2006-இல் தீர்ப்பு வந்த பிறகுதான் மாநிலம் முழுக்க வந்தது.

கிளினிக்கில் பெரும்பாலும் வாரம் ஒருமுறை, பிள்ளையோடு ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருவது வழக்கமாக இருவர்: சிகிச்சையாளரும், அவர் சொல்வதைக் குடும்பம் பழகிக்கொள்ள உதவும் பயிற்சி உதவியாளரும். அவர்களின் கவனம் மொத்தக் குடும்பத்தின் மீதும் இருக்கும். காலையில் பள்ளிக்குக் கிளம்பச் சொன்னதும் ஷூவை வீசி எறியும் பையன், கிளினிக்கில் சமர்த்தாக உட்கார்ந்திருப்பான். வீட்டிலோ அம்மா குரலை உயர்த்துவதும், தம்பி அழுவதும், அவன் கதவைச் சாத்திக்கொள்வதும் நேராகவே தெரியும். அங்கேயே அம்மாவுக்கு வேறு வழி காட்டலாம். இடையில் நெருக்கடி வந்தால் இரவிலும் போனில் கூப்பிடலாம்.

சரி, எல்லாருக்கும் வீடு சரிவருமா? அப்பா காதில் விழுமோ என்று பயப்படும் பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கிளினிக்கின் மூடிய கதவுதான் தைரியம் தரும். ஆனால் சண்டை வீட்டையே உலுக்குகிறது என்றால், நான் தயங்காமல் வீட்டுச் சிகிச்சையைத்தான் கேட்கச் சொல்வேன்.