மைதானத்துக்கு அரச பணம்: பிரதேச சபையா, பாராளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடா, மாகாணத் திணைக்களமா?

கிராமத்துக் கழகம் ஒன்று கரப்பந்துத் திடலுக்கு விளக்குப் போடவோ, மைதானத்தை மண் போட்டு மட்டப்படுத்தவோ அரச பணம் தேடினால், யாழ்ப்பாணத்தில் நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பாராளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையில் பிரதேச செயலகம் ஊடாக வரும் பணம். 1974 இல் தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டத்தின் வழி வந்தது இது. விதிகள் அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறும். இரண்டாவது, மாகாண விளையாட்டுத் திணைக்களம் ஊடாக வரும் மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை. மூன்றாவது, பிரதேச சபை தன் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவது. எங்கள் கழகம் மூன்றாவதைத் தேர்ந்தது. நிலத்தோடு பொருந்தி நிற்கும் எந்த வேலைக்கும் அதுவே சரி என்பது என் உறுதியான கருத்து.

2016 இல் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கு, 2025 இல் அடிக்கல் நாட்டப்பட்ட மண்டைதீவு கிரிக்கெட் மைதானம் போன்றவை வேறு அளவிலான வேலைகள். கிராமக் கழகத்தின் கோரிக்கையோடு அவற்றை ஒப்பிடத் தேவையில்லை.

தெரிந்த விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாராளுமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு (இனி உறுப்பினர் ஒதுக்கீடு) விரைவானது; ஒரு கடிதமும் ஒரு சந்திப்பும் சில வேளை போதும். ஆனால் தொகை சிறியது, பல கழகங்களுக்குப் பங்கிடப்படும். மாகாணப் பணம் பெரிதாக வரலாம். முன்னுரிமைப் பட்டியலில் ஏற நாள் எடுக்கும். சபைப் பணம் கேட்ட ஆண்டில் வராது, அடுத்த ஆண்டுதான். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு அதை யார் பராமரிப்பது என்ற கேள்வியில்தான் இந்த ஒப்பீடு தீர்மானமாகிறது.

கணக்கைப் பாருங்கள். கரப்பந்துத் திடல் 18 மீற்றருக்கு 9 மீற்றர். சுற்றிவர 3 மீற்றர் விட்டால் 24 க்கு 15, ஏறத்தாழ ஒன்றரைப் பரப்புக் காணி. நான்கு தூண்களில் 200 வாற்று எல்.ஈ.டி விளக்குகள் எட்டு வைத்தால் 1.6 கிலோவாற்று. ஒரு நாளில் மூன்று மணிநேரம் எரிந்தால் 4.8 அலகு, மாதம் 25 நாளுக்கு 120 அலகு. பழைய மெற்றல் ஹேலைட் 400 வாற்று விளக்குகள் எட்டு என்றால் இதன் இரட்டிப்புக்கு மேல் போகும். மழைக்காலத்தில் ஒருவரும் விளையாடாத மாதத்திலும் நிலையான கட்டணம் வந்துகொண்டே இருக்கும். புலம்பெயர்ந்த ஊரவர் தூண் நட மனமுவந்து உதவுவார்கள்; மாதாமாத மின் பட்டியலைப் பொறுப்பெடுக்க ஒருவரைத் தேடுவது கடினம். கழக நிர்வாகமோ வருடாந்தப் பொதுக்கூட்டத்தோடு மாறும். பழைய பொருளாளரின் பெயரில் இருக்கும் மின் இணைப்புக்குச் சிவப்பு அறிவித்தல் வந்தால் அதைக் கையில் எடுப்பவர் இருக்கமாட்டார். வயர் வெட்டுப்பட்ட தூண்கள் பல ஊர்களில் இப்படித்தான் நிற்கின்றன.

உறுப்பினர் ஒதுக்கீட்டில் பராமரிப்புக்கென்று பணம் இல்லை. அது ஒரு தடவை வரும் மூலதனப் பணம். வேலை முடிந்து இறுதிப் பட்டியல் கொடுபட்டதும் கோவை மூடப்படும். மாகாணத் திணைக்களமும் தன் சொந்த அரங்குகளைப் பராமரிக்குமே தவிர, ஊர்த் திடலின் புல்லை வெட்ட ஆள் அனுப்பாது. பிரதேச சபைக்கு மீண்டெழும் செலவினம் என்ற, ஆண்டுதோறும் வரும் அன்றாடச் செலவுக்கான தலைப்பு இருக்கிறது, தெருவிளக்கு ஏற்றும் மின் ஊழியர் இருக்கிறார், ஏணி பொருத்திய வாகனமோ வாடகைக்கு எடுக்கும் வழியோ இருக்கிறது. சபையின் சொத்தேட்டில் பதிந்த திடலுக்கு மின்மானி சபையின் பெயரில் வரும். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து 2025 மே உள்ளூராட்சித் தேர்தல் வரை சபை உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களின் பொறுப்பில் சபைகள் இயங்கியபோதும் அன்றாடச் செலவுத் தலைப்புகள் இருக்கத்தான் செய்தன.

சொத்தேட்டில் ஏறாத பொருளுக்குச் சபை செலவழித்தால் கணக்காய்வில் வினா எழும். ஆகவே வேறு பணத்தில் போட்ட விளக்கைப் பிறகு சபையிடம் தள்ளிவிடலாம் என்று நினைப்பது ஆபத்தானது. எழுத்து மூலமான கையளிப்பு இல்லாவிட்டால் செயலாளர் விரும்பினாலும் மின் கட்டணம் கட்ட அவருக்கு வழியில்லை.

அடுத்தது நாட்காட்டி. அரச நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. உறுப்பினர் ஒதுக்கீடும் மாகாண நன்கொடையும் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே கைக்கு வரும். மதிப்பீடு, விலைமனு எல்லாம் முடிய ஒக்ரோபர் ஆகிவிடும். நமக்கு அதுதான் மாரி. செம்மண்ணோ கிரவலோ 150 முதல் 200 மில்லிமீற்றர் படையாகப் போட்டு, அளவான ஈரத்தில் உருளையால் அழுத்த வேண்டும். கார்த்திகை மழையில் ஒரே தடவையாகக் கொட்டி மேலே உருட்டினால் தை மாதத்தில் மைதானம் பள்ளமும் மேடுமாகக் காயும். ஒப்பந்தகாரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பணம் திரும்பிப் போகக்கூடாது என்ற அவசரம்தான் காரணம். சபையின் சொந்த வருமானத்தில் ஒதுக்கிய பணம் திறைசேரிக்குத் திரும்புவதில்லை. மிஞ்சினால் சபை நிதியில் இருக்கும், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மீண்டும் சேர்க்கலாம். அதனால் மாசியில் தொடங்கி ஆடிக்குள் மண் வேலையை முடிக்கும்படி கேட்க முடியும். புல் நடுவதை மட்டும் புரட்டாதிக்கு விடுங்கள்.

சபையிடம் கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஆனி மாதத்திலேயே காணி யாருடையது என்று சபையில் உறுதிப்படுத்துங்கள். கோயில் காணி, தர்மசாதனக் காணி (அறக்கட்டளைக்கு எழுதியது), பங்கு பிரியாத தனியார் காணி என்றால் அரச பணம் அதில் இறங்காது. சபைக்கு நன்கொடை உறுதி எழுதவோ நீண்டகாலக் குத்தகை செய்யவோ ஓராண்டு போய்விடும். உதைபந்தாட்ட மைதானத்துக்கு ஓரம் விட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 29 பரப்பு வேண்டும் என்பதால் ஒரே உறுதியில் அது கிடைப்பது அரிது. காணி சரியென்றால் தவிசாளருக்குக் கடிதம், வட்டார உறுப்பினருக்கும் செயலாளருக்கும் பிரதி. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழான கழகப் பதிவுச் சான்றிதழ், பொதுக்கூட்டத் தீர்மானம், அளவு குறித்த வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். ஆவணி, புரட்டாதிக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கும்படி செய்தால்தான் ஆண்டிறுதி வரவு செலவுத் திட்ட வரைபில் இடம் கிடைக்கும். அப்போது இரண்டு வரிகளைக் கேளுங்கள்: மூலதனத்தில் விளக்கு அமைப்பு, மீண்டெழும் செலவினத்தில் அந்தத் திடலின் பெயரிலேயே மின்சாரமும் பராமரிப்பும். இரண்டாவது வரி இல்லாமல் முதலாவது மட்டும் நிறைவேறினால் சபைப் பணமும் உறுப்பினர் பணம் போலவே ஆகிவிடும்.

மதிப்பீட்டில் பார்க்க வேண்டியது புவித்தொடுப்பு, அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கும் எர்த் இணைப்பு. வலிகாமத்தில் செம்மண் மெல்லிய படை, கீழே சுண்ணாம்புக்கல். ஒரு செப்புக் கம்பியை நிலத்தில் அடித்துவிட்டு மாரியில் அதன் தடையை அளந்தால் எண் நன்றாக இருக்கும். ஆடியில் மண் காய்ந்ததும் அதே கம்பி பயன் தராது. கம்பிகள் பல அடித்துத் தம்முள் இணைக்க வேண்டும், கோடையில் ஒருமுறை அளக்க வேண்டும். சித்திரை, ஐப்பசி இடிமுழக்கத்தில் எல்.ஈ.டி விளக்கில் முதலில் போவது உள்ளிருந்து மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர். மின்னல் வீச்சைத் தாங்கும் சேர்ஜ் அறெஸ்ரரும், மின் கசிந்தால் தானாக நிறுத்தும் ரிப் சுவிச்சும் அளவுப் பட்டியலில் தனி வரியாக இருக்கட்டும். விளக்கின் தூசி, நீர் காப்புத் தரம் ஐபி 65 க்குக் குறையக்கூடாது. வடமராட்சிக் கரையோரத்தில் உப்புக் காற்று இருப்பதால் தூண் சூடான துத்தநாகத்தில் தோய்த்ததாக இருக்க வேண்டும். அடித்தட்டு நிலமட்டத்துக்கு மேலே நின்றால்தான் வெள்ளம் தேங்கித் துருப்பிடிக்காது.

மற்ற இரண்டு வழிகளுக்கும் இடம் உண்டு. பந்து, வலை, கதிரை, ஒலிபெருக்கி போன்ற எடுத்துச் செல்லும் பொருட்களுக்கு உறுப்பினர் ஒதுக்கீடு மிகவும் பொருந்தும். ஒரு தடவை வாங்கினால் போதும். பயிற்றுநரும் வீரர்களுக்கான உபகரணமும் வேண்டுமானால் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாக மாகாணத் திணைக்களம். உறுப்பினர் விளக்குக்கே பணம் தருகிறார் என்றால் மறுக்க வேண்டாம். வேலையைப் பிரதேச சபை நிறைவேற்றும்படி, அல்லது முடிந்ததும் சபைக்குக் கையளிக்கும்படி ஒதுக்கீட்டுக் கடிதத்திலேயே எழுதக் கேளுங்கள்.

இதெல்லாம் சோலை வரி (வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடும் ஆதன வரி) ஓரளவு சேரும் வலிகாமம், நல்லூர்ப் பக்கச் சபைகளை வைத்துச் சொல்வது. மாவட்டத்தின் 13 பிரதேச சபைகளும் ஒரே வசதியில் இல்லை. குடிசனம் குறைந்த தீவகத்தில் சபையின் சொந்தப் பணத்தை மட்டும் நம்புவது பொருந்தாமல் போகலாம். அங்கே மூலதனத்தை மாகாணத்திடமும் மின் கட்டணத்தைச் சபையிடமும் கேட்பதே நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன்.

சபை வழியில் உள்ள உண்மையான குறை, திடல் கழகத்தின் கையை விட்டுப் போவது. கார்னிவலுக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விட்டால் பந்தல் கால் குழிகளும் பாரவண்டித் தடங்களும் மிஞ்சும். விளக்கு வேலை தொடங்கும் முன்னரே சபையோடு எழுத்தில் பயன்பாட்டு உடன்படிக்கை செய்யுங்கள்: பயிற்சி நாட்களும் நேரமும், வாடகைக்கு விடுமுன் கழகத்துக்கு அறிவித்தல், வாடகைக்கு எடுப்பவர் கட்டும் வைப்புப் பணத்திலிருந்து குழி மூடும் செலவு, விளக்கு ஆளியின் திறப்பு யாரிடம் என்பது. புதிய நிர்வாகம் வந்தாலும் செல்லும்படி அதைக் கழகத்தின் பெயரில் எழுதி, ஒரு பிரதியைப் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தரிடமும் கொடுத்துவையுங்கள்.