வீட்டு போக்கருக்குக் கூப்பிட்டால், உட்காரும் முன் சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன். "சனிக்கிழமை நைட் நம்ம வீட்ல போக்கர், 50 வெள்ளிதான், சாப்பாடும் உண்டு" என்று தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடமிருந்து போனது பெரிய தொகை இல்லை. சீட்டு சரியில்லாமல் தோற்றிருந்தால் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். காசு போன விதம்தான் எழுத வைக்கிறது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஹாலில் சாப்பாட்டு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, ஏழு பேர். டெக்சஸ் ஹோல்டம் ஆட்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில். பிளைண்ட், அதாவது சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம், 25 காசு, 50 காசு. வீட்டுக்காரர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய மச்சினரும் ஆட்டத்தில் இருந்தார். சிப் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை) விற்பது, காசுப் பெட்டி, சீட்டுப் போடுவது, தகராறு வந்தால் தீர்ப்பு எல்லாம் அண்ணன் கையில். அவரும் கூட உட்கார்ந்து ஆடுகிறார். இந்த ஏற்பாட்டைக் கண்டாலே உஷாராகிவிடுங்கள். சீட்டுப் போடுவது ஆளுக்கு ஆள் சுற்றி வர வேண்டும், கலைத்த கட்டை இன்னொருவர் வெட்டிக் கொடுக்க வேண்டும். அங்கே கலைத்தவரே வெட்டி, அவரே போட்டார். அவர் சீட்டில் ஏதாவது செய்தார் என்று நான் சொல்லவில்லை, அப்படி எதையும் நான் பார்க்கவும் இல்லை. செய்ய நினைக்கிற ஒருவருக்குக் கதவு திறந்தே கிடந்தது என்று மட்டும் சொல்வேன்.

முதல் உரசல் சின்ன விஷயத்தில் வந்தது. நான் 6 வெள்ளி பந்தயம் வைத்தேன். மச்சினர் "கால்", அதாவது அதே தொகையை நானும் வைக்கிறேன் என்று சொல்லி 6 வெள்ளிக்குச் சிப்பைத் தள்ளினார். நான் அடுத்த சீட்டுக்காகக் கட்டைப் பார்த்தேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கால்... அதுக்கு மேல இன்னும் 15" என்று மறுபடி சிப்பை எடுத்தார். போக்கர் ஆடுகிற எந்த ஊரிலும் இது செல்லாது. வாயால் சொன்னதுதான் கணக்கு. கால் என்றால் கால். முதலில் பாதியை வைத்து எதிராளி முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிட்டு மீதியை வைப்பதைத் தடுக்கத்தான் அந்த விதியே இருக்கிறது. நான் சொன்னேன். அண்ணன் சிரித்தார். "தம்பி, இது என்ன கசினோவா? ஃப்ரெண்ட்லி கேம்தானே, விடுங்க."

சரி, விட்டேன். நட்பு ஆட்டத்தில் கொஞ்சம் தளர்வாக ஆடுவது எனக்கும் பிடிக்கும். புதிதாக வந்தவர் முறை தவறிச் சீட்டைப் போட்டால் யாரும் கோபப்படக் கூடாது.

அப்புறம் கொஞ்ச நேரத்தில் எனக்கு நல்ல சீட்டு. ஒருவர் 1 வெள்ளி வைத்திருந்தார். நான் 5 வெள்ளிச் சிப் ஒன்றைப் பேசாமல் முன்னால் வைத்தேன், ரெய்ஸ், அதாவது பந்தயத்தை ஏற்றுகிறேன் என்ற எண்ணத்தில். உடனே அண்ணன் கை நீட்டினார். "ஒத்தை சிப், வாயைத் திறந்து சொல்லல. அது கால்தான்." 4 வெள்ளியை எனக்கே திருப்பிக் கொடுத்தார். விதி அப்படித்தான். பெரிய மதிப்புள்ள ஒற்றைச் சிப்பை ஒன்றும் சொல்லாமல் வைத்தால் கால் என்றே கொள்ள வேண்டும். 2001இல் தொடங்கிய போட்டி நடத்துனர்கள் சங்கமான டி.டி.ஏ.வின் விதித்தொகுப்பிலும் இது இருக்கிறது. ஆக, அண்ணனுக்கு விதி தெரியும், நன்றாகவே தெரியும். யாருக்குப் போடுவது, யாருக்கு விடுவது என்பதில்தான் அவருடைய ஆட்டம் இருந்தது.

விதி கறாராக இருந்தாலும் ஆடலாம், தளர்வாக இருந்தாலும் ஆடலாம். ஒரு நாற்காலிக்குக் கறார், பக்கத்து நாற்காலிக்குத் தளர்வு என்றால் ஆடவே கூடாது. ஒரே கடையில் ஆளுக்கு ஒரு தராசு வைத்து நிறுப்பது போலத்தான் இது.

பெரிய அடி அடுத்து வந்தது. என் கையில் இரண்டு ஒன்பது. மேசையில் ஸ்பேட் குயின், டைமன் ஒன்பது, ஸ்பேட் ஐந்து, நான்காவதாகக் கிளாவர் இரண்டு. அதாவது எனக்கு மூன்று ஒன்பது. என் முன்னால் இருந்த 110 வெள்ளியையும் தள்ளி ஆல்-இன் என்றேன். மச்சினரிடம் மீதி 40 வெள்ளிதான். போக்கரில் இதற்கு 'டேபிள் ஸ்டேக்ஸ்' என்று அடிப்படை விதி ஒன்று உண்டு. சீட்டுப் போடும்போது உங்கள் முன்னால் மேசையில் எவ்வளவு இருந்ததோ அதைத்தான் அந்த ஆட்டத்தில் வைக்க முடியும். நடுவில் பையிலிருந்து எடுக்கக் கூடாது, கடன் வாங்கக் கூடாது. அவரிடம் 40 என்றால் என்னிடமிருந்தும் 40தான் பந்தயத்தில் நிற்கும், மிச்சம் 70 எனக்கே திரும்பும். பணக்காரன் பெரிய தொகையை வைத்துப் பயமுறுத்தி இல்லாதவனை எழுப்பிவிடாமல் காக்கிற விதி இது. அதே விதி இன்னொரு பக்கமும் காக்கிறது: சீட்டைப் பார்த்த பிறகு ஒருவர் பந்தயத்தை ஏற்றிக்கொள்ள முடியாது.

மச்சினர் தன் சீட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், "அண்ணே, ஒரு 70 குடுங்க" என்றார். அண்ணன் பெட்டியிலிருந்து 70 வெள்ளிக்குச் சிப் எடுத்து வைத்தார். ரொக்கம் எதுவும் கைமாறவில்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டதாகச் சொன்னார். நான் மறுத்ததற்கு, "பயமா தம்பி? ஜெயிக்கிற சீட்டுன்னா இன்னும் 70 கூட வருதே, நல்லதுதானே" என்றார்.

கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் அவர் தோற்றிருந்தால் அந்த 70ஐ யார் கொடுத்திருப்பார்கள்? இல்லாத காசு அது. ஜெயித்தால் மட்டும் என் காசு நிஜம்.

அவரிடம் ஸ்பேட் ஏஸும் ஏழும் இருந்தன, ஃப்ளஷுக்கு, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுக்குக் காத்திருந்தார். தெரியாத 44 சீட்டில் 7 மட்டும்தான் அவரை ஜெயிக்க வைக்கும். ஸ்பேட் ஒன்பதோ இரண்டோ வந்தால்கூட என் கை இன்னும் பெரிதாகிவிடும். கடைசிச் சீட்டு ஸ்பேட் கிங். சீட்டு வந்ததில் எனக்குக் குறையே இல்லை, ஆறு ஏழு தடவைக்கு ஒரு தடவை அப்படி வரத்தான் செய்யும். 40 வெள்ளியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் நல்ல ஆட்டம் என்று கை கொடுத்திருப்பேன். 110ம் போனது.

இதற்கிடையே 'சாப்பாட்டு நிதி' என்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாட் என்றால் ஓர் ஆட்டத்தில் எல்லோரும் நடுவில் வைத்த மொத்தப் பந்தயம். 10 வெள்ளியைத் தாண்டுகிற ஒவ்வொரு பாட்டிலிருந்தும் 1 வெள்ளி அண்ணன் பக்கம் போகும். ஒரு மணி நேரத்துக்கு 20, 25 ஆட்டம் ஓடும். பாதியாவது 10ஐத் தாண்டும். ஐந்து மணி நேரம் ஆடினால் 50 வெள்ளிக்கு மேல், அதாவது ஒரு ஆள் கட்டிய மொத்தப் பணம். வந்த சாப்பாடு ஒரு தட்டு பஜ்ஜி, ஒரு பெரிய பாக்கெட் முறுக்கு, இரண்டு போத்தல் கோலா. (பஜ்ஜி நன்றாக இருந்தது, அதை மறைப்பானேன்.)

இது வெறும் கஞ்சத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்களும் நேரில் உட்கார்ந்து ஆடுவதை அனுமதிக்கிறது. அதற்கு நிபந்தனை உண்டு: அது தொழிலாக நடக்கக் கூடாது, ஆட்டத்தில் ஜெயிப்பதைத் தவிர வேறு வழியில் யாரும் அதில் லாபம் பார்க்கக் கூடாது. பாட்டிலிருந்து வீட்டுக்காரர் வெட்டு எடுத்தால் அந்த விலக்கு ஆட்டம் காண ஆரம்பிக்கும், அப்படிப்பட்ட இடத்தில் ஆடப் போனவருக்கும் சிக்கல். முன்பின் தெரியாத ஆட்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக் கூப்பிடுவதும் அதே கதைதான். வேலை அனுமதியில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

நான் மறுபடி 50 வெள்ளி ரொக்கமாகக் கட்டி ஆடினேன். மச்சினர் 11 மணிக்கே எழுந்து, கையிலிருந்த சிப்பையெல்லாம் ரொக்கமாக மாற்றிக்கொண்டு கிளம்பினார். கடன் வாங்கிய 70ஐக் கழித்தீர்களா என்று கேட்டேன். "அது எங்க வீட்டுக் கணக்கு, நான் பாத்துக்கறேன்." கடைசியில் என்னிடம் 85 வெள்ளிக்குச் சிப். பெட்டியில் இருந்து எனக்கு வந்தது 50. என்னோடு கடைசி வரை இருந்த மலையாளி நண்பருக்கும் 35 குறைந்தது. இரண்டையும் கூட்டினால் சரியாக அந்த 70. கடனாகக் கொடுத்த சிப்புக்குப் பெட்டியில் காசு விழுவதில்லை. சிப் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியாக எழுந்திருப்பவர் கையில் நிற்கும்.

"நாளைக்கு பேநவ்ல பணம் அனுப்பிடறேன்" என்றார் அண்ணன். அனுப்பவில்லை. நினைவுபடுத்தி அனுப்பிய செய்திக்கு நீல டிக் விழுந்தது. பிறகு குழுவிலிருந்து நான் நீக்கப்பட்டேன்.

இப்போது நான் போகிற வீட்டில் பெட்டி வைத்திருப்பவர் அன்று ஆடாதவர், வீட்டு அம்மா. ரொக்கம் கொடுத்தால்தான் சிப், கணவனுக்கும் அப்படித்தான். சாப்பாட்டுச் செலவை வரும்போதே ஆளுக்கு ஆள் பிரித்துக் கட்டிவிடுவோம், பாட்டை யாரும் தொடுவதில்லை. தகராறு வந்தால் அந்த ஆட்டத்தில் சீட்டு இல்லாத இருவர் முடிவு சொல்வார்கள். வீட்டுக்காரர் தன் ஆட்டத்துக்குத் தானே நீதிபதி ஆக முடியாது. ஒரு தடவை அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்து 30 வெள்ளி போனது. முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் கொடுத்தார்.

புது வீட்டுக்குப் போகிறவர்கள், சிப் வாங்கும் முன்பே மூன்று விஷயத்தைச் சத்தமாக, எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுங்கள்: கடனுக்குச் சிப் உண்டா, பாட்டிலிருந்து ஏதாவது எடுப்பீர்களா, தகராறு வந்தால் யார் சொல்வது? பதில் மழுப்பலாக வந்தால், காலை ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுக் கிளம்புங்கள். அண்ணன் வீட்டு அழைப்பு இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் எங்கள் அலுவலகப் பையன் ஒருவனுக்கு வந்தது, தொகை 100 வெள்ளியாக ஏறியிருக்கிறது.