நாலே நாலு ஓட்டம்: மேலூர்ப் பக்கத்தில் மூன்று வருட வேகப் பயிற்சி அனுபவம்

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எனக்கு என் வாத்தியார் எப்படிப் பயிற்சி கொடுத்தாரோ அப்படியேதான் பல வருடம் நானும் கொடுத்துவந்தேன். முதலில் கிரவுண்டைச் சுற்றி எட்டு ரவுண்டு. அப்புறம் 200 மீட்டர் பத்துத் தடவை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. கடைசி மூன்று 200-இல் பிள்ளைகள் ஓடுவதாகவே இருக்காது, காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். அதைத்தான் உழைப்பு என்று நம்பினேன்.

2019 ஆகஸ்டில், பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒன்பதாவது 200-இல் ஒரு பையன் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது. எங்கள் பள்ளியிலேயே வேகமான பிள்ளை அவன். அந்த வருடம் அவன் ஓடவில்லை, மறுவருடம் பள்ளியே மூடிக் கிடந்தது. அவனுக்கு அப்படி ஆனதற்கு நான் கொடுத்த பயிற்சிதான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஊரடங்கு நாட்களில்தான் அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டோனி ஹாலர் என்பவரின் முறை கண்ணில் பட்டது. 'ஃபீட் த கேட்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார், பூனைகளுக்குத் தீனி போடு என்று அர்த்தம். வேகமான பிள்ளைகள் பூனை ஜாதி, நாள் முழுக்க ஓடும் நாய் ஜாதி இல்லை என்பது அவர் கணக்கு. குறைவாக ஓடு, ஓடும்போது முழு வேகத்தில் ஓடு, நேரத்தை அளந்து எல்லாரும் பார்க்கப் போடு, களைப்பு வருவதற்கு முன்பே வீட்டுக்கு அனுப்பு. சாரம் இவ்வளவுதான். 2022 ஜூனில் ஆரம்பித்தேன். மூன்று வருடம் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று நாள் பயிற்சி. இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்கும் ட்ரில்கள்: முழங்காலைத் தூக்கி நடப்பது, ஸ்கிப், குதிகால் தரையில் படாமல் சின்னச் சின்னக் குதிப்பு. அதற்குப் பிறகு முக்கியமான வேலை. 25 மீட்டர் ஓடி வேகம் ஏற்றிக்கொண்டு, அடுத்த 10 மீட்டரை உச்ச வேகத்தில் கடக்க வேண்டும். அந்த 10 மீட்டருக்கு மட்டும் நேரம் எடுப்போம். பறக்கும் பத்து என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலே நாலு ஓட்டம், நடுவில் ஐந்து நிமிடம் புளியமரத்தடியில். ஆளுக்கு மொத்தம் 140 மீட்டர். முன்பு நான் ஓடவைத்தது இரண்டு கிலோமீட்டர். இன்னொரு நாள் குனிந்து புறப்படும் ஸ்டார்ட் மட்டும், 10 மீட்டரும் 20 மீட்டரும். மூன்றாவது நாளில் சற்று நீளமாக ஒரே ஓர் ஓட்டம்.

அந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடாது. முழு வேகத்தில் ஓடும்போது தசை எரிப்பது அதற்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டைத்தான். சில நொடிகளில் அது பெருமளவு தீர்ந்துவிடும். அரை நிமிடத்தில் பாதி திரும்பும், முழுசாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வேண்டும். அதற்கு முன் ஓடவிட்டால் பிள்ளை ஓடத்தான் செய்வான், ஆனால் வேகமாக ஓட மாட்டான். அப்படிப் பத்துத் தடவை ஓடினால் மெதுவாக ஓடுவதைத்தான் பத்துத் தடவை பழகியிருப்பான்.

நேரம் எடுப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் பிடிபடாமல் இருந்தது இதுதான். ஸ்டாப் வாட்ச் இதற்கு உதவாது. கை அழுத்துவதில் வரும் தவறே முன்னேற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும். ஆள் கடக்கும்போது தானாக நேரம் எடுக்கும் லேசர் கேட் வாங்கப் பள்ளியில் காசு இல்லை. அதனால் போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கிறேன், நொடிக்கு 240 ஃபிரேம், அதாவது 240 தனித்தனிப் படம். ஓடுபாதையிலிருந்து 15 மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் போன், பாதையோரம் இரண்டு கம்பு. இடுப்பு முதல் கம்பை மறைக்கும் ஃபிரேமிலிருந்து இரண்டாவது கம்பை மறைக்கும் ஃபிரேம் வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும். 300 ஃபிரேம் என்றால் 1.25 நொடி.

முதல் வருடம் முழுக்க இதில் ஒரு தப்புச் செய்தேன். பாதையிலிருந்து ஒரு மீட்டர் போன் பக்கமாகத் தள்ளி, ஒன்றுக்கொன்று சரியாக 10 மீட்டர் இடைவெளியில் கம்பு நட்டிருந்தேன். போனிலிருந்து பார்க்கும் கோணத்தில் அது பாதையில் 10.7 மீட்டர் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டிக் காட்டியிருக்கிறேன். இப்போது இரண்டு கம்பையும் 33 செ.மீ. உள்பக்கமாக நடுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன்தான், "சார், வடிவொத்த முக்கோணம் போட்டுப் பாருங்க" என்று நோட்டில் வரைந்து காட்டினான். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய நோட்டில் இருந்த எண்களை எல்லாம் அவனே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தான்.

எண் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். எங்களிடம் ஒரு பெண் இருக்கிறாள், அப்பத்தாவோடு இருக்கிறாள், வெறுங்காலில்தான் ஓடுவாள். எட்டாம் வகுப்பில் வந்தபோது சரியாக 300 ஃபிரேம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளுக்கு மேலே எட்டிப் போனைப் பார்ப்பாள். நான் ஃபிரேமைத் தள்ளத் தள்ள, உதட்டுக்குள் அவளும் எண்ணுவாள். 299 வந்த அன்றைக்குக் கத்திவிட்டாள். இரண்டு வருடம் கழித்து இப்போது 281-இல் நிற்கிறாள், 1.17 நொடி. வயதும் வளர்ச்சியும் அதில் பாதி வேலையைச் செய்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பெல்லாம் பத்தாம் வகுப்பு வந்தால் பெண் பிள்ளைகள் கிரவுண்டுப் பக்கம் தலைகாட்டமாட்டார்கள். இவள் பரீட்சை மாதத்திலும் வந்தாள். நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும், களைத்துப் போகாமல் வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்றுதான் அவள் அப்பத்தாவும் விட்டார்கள்.

பலகையில் வரிசைப்படுத்தி எழுதுவதில் மட்டும் ஹாலர் சொன்னதை நான் மாற்றிவிட்டேன். முதலிடத்தில் இருந்து கடைசி இடம் வரை எழுதிப் போட்டபோது, மேலே உள்ள ஐந்து பேருக்கு வெறி பிடித்த மாதிரி உற்சாகம். கடைசியில் இருந்த பையன் மறுவாரம் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன், "எல்லாரும் பாக்குறாங்க சார்" என்றான். அதன் பிறகு அவரவர் பழைய சிறந்த நேரத்தை முந்தினால் மட்டும் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடுகிறோம். கடைசியில் இருக்கும் பிள்ளைக்குத்தான் அதிக வட்டம் விழுகிறது. அந்தப் பையன் திரும்பி வந்தான்.

பெற்றோரைச் சமாளிப்பதுதான் முதல் வருடம் பெரும்பாடு. "ஏன் சார், எம்புள்ள வேர்க்காமத் திரும்பி வருது, சும்மா உக்கார வச்சு அனுப்புறீங்களா?" என்று நேரிலேயே கேட்டார்கள். உடனே புரிந்துகொண்டவர் மஞ்சுவிரட்டுக்குக் காளை வளர்க்கும் ஒருவர். "வாத்தியாரே, நாங்க மாட்ட நடக்க விடுவோம், நீச்ச விடுவோம், மண்ணு குத்த விடுவோம். ஆனா அவுத்து விடுறதுக்கு நாலு நாளைக்கு முன்னாடி சும்மா கட்டித்தான் போடுவோம். அலுத்த மாடு வாடியில பாயுமா?" என்றார். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அவரையே பேசச் சொன்னேன். எந்தப் புத்தகத்தைக் காட்டியிருந்தாலும் இந்த அளவுக்கு எடுபட்டிருக்காது.

இனி குறைகள். நூறு மீட்டருக்கும் நீளம் தாண்டுதலுக்கும் இந்த முறையை மனசாரச் சிபாரிசு செய்வேன். 400 மீட்டருக்கு இது மட்டும் போதாது. நம் மாவட்டத்துச் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினதிலிருந்து, எங்கள் பெண் பிள்ளைகளுக்கு 400 மீட்டர் மேல்தான் ஆசை. முதல் வருடம் அந்த ஆசையோடு போன இரண்டு பேரும் 250 மீட்டர் வரை முன்னால் இருந்தார்கள், அப்புறம் கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. குறுவட்டப் போட்டியில் ஒரே நாளில் ஹீட்ஸ் என்னும் தகுதிச் சுற்று, இறுதி, 200, தொடர் ஓட்டம் எல்லாம் வெயிலில் நடக்கும். ஒரு நாளைக்கு நாலு ஓட்டம் பழகிய பிள்ளைகள் மத்தியானத்துக்கு மேல் துவண்டுவிட்டார்கள். இப்போது போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, வாரத்தில் ஒரு நாள் மட்டும் 120-லிருந்து 150 மீட்டர் வரை மூன்று ஓட்டம் சேர்க்கிறேன், நடுவில் எட்டு நிமிடம் ஓய்வு. 400 ஓடுகிறவர்களுக்கு அதையும் தாண்டித் தனிப் பயிற்சி. இதைக் கலப்படம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

தரையும் ஒரு பிரச்சினை. எங்கள் கிரவுண்டு செம்மண், மழை பெய்த மறுநாள் எடுக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போய்ச் சிந்தெடிக் டிராக்கில் ஓடவிடுகிறேன்.

சாப்பாடு பற்றி எந்தப் பயிற்சி முறையும் நமக்காக யோசித்து எழுதவில்லை. காலையில் ஓட வருகிற பிள்ளைகளில் சிலர் வெறும் வயிற்றோடு வருவார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கியது, ஆனால் அது 5-ஆம் வகுப்பு வரைதான். என் பிள்ளைகள் அதற்கு மேல் படிக்கிறவர்கள். பசியோடு வந்த பிள்ளையின் ஃபிரேம் எண்ணிக்கை ஐந்தாறு கூடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து காசு போடுகிறார்கள், இப்போது அவித்த கடலையும் முட்டையும் கேப்பைக் கூழும் கொடுக்கிறோம். பூனைக்குத் தீனி என்ற பெயரைப் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள், "சார், இன்னைக்குத் தீனி என்ன?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

முடிவாக எனக்குக் கிடைத்தது இது: மூன்று வருடத்தில் பயிற்சியின்போது ஒரு பிள்ளைக்கும் பின்தொடை கிழியவில்லை. இரண்டு பேருக்குக் கெண்டைக்கால் பிடித்தது, ஒரு வாரத்தில் சரியானது. வருவாய் மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவர்கள் உண்டு, மாநில அளவுக்கு இன்னும் ஒருவரும் போகவில்லை. எங்களில் வேகமான பையன் பறக்கும் பத்தை இப்போது 1.10 நொடியில் ஓடுகிறான். மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல், டவுன் பஸ் ஊருக்குள் போகும் வேகம். உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 9.58 ஓடியபோது 60-லிருந்து 80 மீட்டர் வரையான 20 மீட்டரை 1.61 நொடியில் கடந்தார், அதாவது பத்து மீட்டருக்கு 0.81 கூட ஆகவில்லை. அந்த எண்ணைப் பலகையின் உச்சியில் எழுதி வைத்திருக்கிறோம். அதை அழிக்க யாருக்கும் அனுமதி கிடையாது.

ஆரம்பிக்க நினைக்கிற சக ஆசிரியர்களுக்கு: ஒரு போன், ஒரு ஸ்டாண்டு, இரண்டு கம்பு, ஒரு 30 மீட்டர் டேப், ஒரு நோட்டு போதும். முதல் மாதம் பிள்ளைகள் "இன்னொரு ஓட்டம் சார்" என்று கெஞ்சுவார்கள். நாலோடு நிறுத்துங்கள், மறுநாள் அவர்களே உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.